பிரதி செம்மையாக்குநர்களுக்கான நடைமுறைத் திறன்களும் மென்பொருள் உத்திகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்ப் பிரதிகளைச் செம்மைப்படுத்தும் வேலையில் புதிதாக இறங்கியிருப்பவர்களும், தாளில் திருத்திப் பழகிய பின் கணினிக்கு மாறியவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. ஆசிரியர்கள் அனுப்பும் கோப்புகள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் வேர்டு வடிவத்திலேயே வருவதால் எடுத்துக்காட்டுகளும் அதையொட்டியே அமைந்துள்ளன. மற்ற மென்பொருள்கள் வேறுபடும் இடங்கள் ஆங்காங்கே குறிக்கப்பட்டுள்ளன.

பிரதி செம்மையாக்கமும் மெய்ப்புத் திருத்தமும் ஒன்றுதானா?

இல்லை. செம்மையாக்கம் பக்க வடிவமைப்புக்கு முன்பு நடப்பது. வாக்கியத் தெளிவு, தகவல் முரண், சொல்லாட்சியின் ஒருமை, இலக்கணம் ஆகிய அனைத்தையும் அது தொடுகிறது. மெய்ப்புத் திருத்தம் வடிவமைப்புக்குப் பின்பு நடப்பது; எஞ்சிய பிழைகளையும் வடிவமைப்பின்போது புதிதாகப் புகுந்த பிழைகளையும் களைவதே அதன் வேலை. மெய்ப்பு நிலையில் ஒரு பத்தியை மாற்றி எழுதினால் பக்கங்கள் நகர்ந்து பொருளடக்கமும் சொல்லடைவும் குலைந்துவிடும் என்பதால், செய்ய வேண்டிய மாற்றங்களைச் செம்மையாக்கத்திலேயே செய்து முடிப்பது நல்லது.

ஒரு பிரதி கைக்கு வந்தவுடன் முதலில் செய்ய வேண்டியது என்ன?

வந்த கோப்பைத் தொடாமல் ஒரு தனி உறையில் வைத்துவிட்டு, அதன் நகலில் வேலையைத் தொடங்குங்கள். நகலின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியைச் சேர்த்தால், கோப்புகள் தாமாகவே கால வரிசையில் அடுக்கப்படும். 'இறுதி', 'புதிய இறுதி' என்று பெயரிட்டுக் குழம்ப வேண்டியிருக்காது.

அடுத்து, எதையும் திருத்தாமல் ஒரு முறை படியுங்கள். கையைக் கட்டிக்கொண்டு படிப்பது கடினம்தான். ஆனால் முதல் அத்தியாயத்தில் பிழை என்று தோன்றியது, ஐந்தாம் அத்தியாயம் வரும்போது ஆசிரியர் தெரிந்தே கையாளும் வழக்கு என்று புலப்படுவது உண்டு. முழுவதையும் படிக்க நேரமில்லை என்றால், தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களிலாவது சில பக்கங்களைப் படித்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்கிடவும் பிரதியின் நடுப்பகுதியே ஏற்றது. தொடக்கப் பக்கங்களை ஆசிரியர்கள் பலமுறை திருத்தியிருப்பார்கள். அவற்றை வைத்து மதிப்பிட்டால் கணக்கு தவறும். சொல் எண்ணிக்கையை மட்டும் நம்புவதிலும் ஒரு சிக்கல் உள்ளது. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டியே வருவதால், ஒரே நீளமுள்ள ஆங்கிலப் பகுதியைவிடச் சொற்களின் எண்ணிக்கை குறைவாகவே காட்டும். நடுவிலிருந்து ஒரு பகுதியைச் செம்மைப்படுத்திப் பார்த்து, அதற்கு ஆன நேரத்தை அளவாகக் கொள்வதே நம்பத்தக்க வழி.

பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்பு வந்தால் என்ன செய்வது?

பாமினி, டாப், டாம், டிஸ்கி போன்ற முறைகளில் தட்டச்சான கோப்புகள் இன்றும் வருகின்றன. அவற்றை ஒருங்குறி எனப்படும் யூனிகோடு முறைக்கு மாற்றிய பிறகே செம்மையாக்கத்தைத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் தேடல், வரிசைப்படுத்தல், எழுத்துப்பிழை திருத்தி ஆகிய எதுவும் பயன்படாது. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இதற்கு உதவும். கோப்பில் இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தால், மாற்றி அவற்றையும் தமிழ் எழுத்துகளாகக் கருதிப் பொருளற்ற எழுத்துக் கோவைகளாக ஆக்கிவிடக்கூடும். ஆகவே மூலத்தையும் மாற்றிய கோப்பையும் அருகருகே வைத்து, பெயர்கள், எண்கள், மேற்கோள் குறிகள், கிரந்த எழுத்துகள் ஆகியவற்றையாவது ஒப்பிட்டுப் பாருங்கள்.

திரையில் சரியாகத் தெரியும் சொல்லைத் தேடினால், 'இல்லை' என்று வருவது ஏன்?

தமிழ்ப் பிரதிகளில் அதிக நேரத்தை விழுங்குவது இந்தச் சிக்கல்தான். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்து, கணினிக்குள் வேறு குறியீடுகளாக இருக்கலாம்.

ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 2944 முதல் 3071 வரையிலான எண்கள். 'கொ' என்ற எழுத்தில் ககரத்தை அடுத்து ஒகரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம். கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகவும் இருக்கலாம். இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறித் தரம் சொன்னாலும், எல்லா மென்பொருள்களும் தேடும்போது அதை மதிப்பதில்லை. 'ஔ' என்ற ஒற்றை எழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருப்பார்கள். காலுக்குப் பதிலாக ரகரம் நுழைந்திருக்கும். தமிழ் எண்களான ௧, ௨, ௭, ௮ ஆகியவை முறையே க, உ, எ, அ ஆகிய எழுத்துகளின் இடத்தில் வந்திருக்கும். அச்சு நூல்களை வருடி எழுத்தாக்கிய கோப்புகளில் இவற்றைக் கட்டாயம் எதிர்பார்க்க வேண்டும். 'ஸ்ரீ' என்பதற்கும் இரண்டு வடிவங்கள் உண்டு: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்குவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

இவை தவிர, இணையப் பக்கங்களிலிருந்து வெட்டி ஒட்டிய பகுதிகளில் அகலமே இல்லாத மறைகுறிகளும், சாதாரண இடைவெளிபோல் தோன்றும் பிரியா இடைவெளிகளும் கலந்திருக்கும். வேர்டில் ஓர் எழுத்தை அடுத்துச் சுட்டியை வைத்து, ஆல்ட் விசையோடு எக்ஸ் விசையை அழுத்தினால் அந்த எழுத்து தன் குறியீட்டு எண்ணாக (பதினாறடிமான முறையில்) மாறும். மீண்டும் அழுத்தினால் எழுத்து திரும்பிவிடும். ஐயத்துக்குரிய எழுத்தை ஆராய இதைவிட விரைவான வழி இல்லை. இத்தகைய கலப்புகளை வேலையின் தொடக்கத்திலேயே ஒருமுகப்படுத்திவிட்டால், பின்னால் செய்யும் ஒவ்வொரு தேடலையும் நம்பலாம்.

திருத்தங்களைத் தடம் காட்டும் டிராக் சேஞ்சஸ் வசதியை எப்போது இயக்க வேண்டும்? எல்லா மாற்றங்களும் ஆசிரியருக்குத் தெரிய வேண்டுமா?

பொருளைத் தொடும் ஒவ்வொரு மாற்றமும் தெரிய வேண்டும். அது ஆசிரியரின் உரிமை. ஆனால் இரட்டை இடைவெளி, நிறுத்தக்குறிக்கு முன்னால் நிற்கும் இடைவெளி, வெற்றுப் பத்திகள், நேர் மேற்கோள் குறியை வளை மேற்கோள் குறியாக்குதல் போன்ற இயந்திரத்தனமான துப்புரவையும் தடம் காட்டிச் செய்தால், ஆயிரக்கணக்கான சிவப்புக் கீறல்களுக்கு நடுவில் முக்கியமான திருத்தங்கள் ஆசிரியரின் கண்ணுக்குப் படாமல் போய்விடும்.

இதில் ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. டிராக் சேஞ்சஸ் இயங்கும்போது நீக்கிய எழுத்துகள் கோப்பைவிட்டுப் போவதில்லை. நீக்கப்பட்டவை என்ற அடையாளத்தோடு அங்கேயே இருக்கின்றன. இரட்டை இடைவெளிகளை ஒற்றையாக்கும் கட்டளையை அப்போது கொடுத்தால், நீக்கிய இடைவெளியையும் சேர்த்தே வேர்டு தேடுவதால், அந்த வேலை முடியவே முடியாது.

ஆகவே துப்புரவைத் தடமின்றிச் செய்து முடித்து, என்னென்ன செய்தீர்கள் என்பதை ஆசிரியருக்கான குறிப்பில் எழுதிவிட்டு, அதன் பிறகு டிராக் சேஞ்சஸை இயக்குங்கள். ஆசிரியர் அவற்றையும் பார்க்க விரும்பினால், ரிவ்யூ பட்டியில் உள்ள கம்பேர் வசதி மூலக் கோப்பையும் உங்கள் கோப்பையும் ஒப்பிட்டு எல்லா வேறுபாடுகளையும் காட்டிவிடும். கவிதைகளிலும் அட்டவணைகளிலும் இடைவெளிக்குப் பொருள் இருக்கலாம் என்பதால், துப்புரவுக்கு முன் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்.

'அனைத்தையும் மாற்று' என்ற கட்டளையை நம்பலாமா?

தேடும் சொல் வேறு எந்தச் சொல்லுக்குள்ளும் வராது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் நம்பலாம். 'வலை' என்பதை எங்கும் 'இணையம்' என்று மாற்றச் சொன்னால், 'கவலை' என்பதும் சேர்ந்து சிதையும். எப்போதும் சில இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றிய பிறகே மொத்தமாக மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சந்திப் பிழைகளைத் தேடல் வழியாகத் திருத்த முடியுமா?

ஒரு பகுதியை முடியும். அந்தப் பகுதி எது என்று அறிந்துகொள்வதுதான் திறமை.

'அந்த, இந்த, எந்த' ஆகிய சொற்களுக்குப் பின் வல்லினம் மிகும் என்பது விதி. உயிரெழுத்து தன் தனி வடிவில் பெரும்பாலும் சொல்லின் முதலில்தான் வரும். ஆகவே 'அந்த' என்று தேடினால் 'வந்த', 'தந்த', 'சொந்த' போன்ற சொற்கள் குறுக்கிடுவதில்லை. லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலோ நோட்பேட் பிளஸ் பிளஸிலோ எழுத்துகளின் அமைப்பைக் கொடுத்துத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் வசதியைத் தேர்ந்துகொண்டு, தேடும் பெட்டியில் பின்வருமாறு தட்டுங்கள்:

(அந்த|இந்த|எந்த) ([கசதப])

மாற்றும் பெட்டியில் தட்ட வேண்டியது:

$1$2் $2

'அந்த காலம்' என்பது 'அந்தக் காலம்' என்றும், 'இந்த பாடம்' என்பது 'இந்தப் பாடம்' என்றும் மாறும். ஏற்கெனவே ஒற்றோடு சரியாக இருக்கும் இடங்கள் இந்தத் தேடலில் சிக்குவதில்லை. வேர்டில் இதையொத்த வைல்டு கார்டு தேடலில் 'அல்லது' என்று பொருள்படும் செங்குத்துக் கோடு கிடையாது; அங்கே மூன்று சொற்களையும் தனித்தனியே தேட வேண்டும். எந்த மென்பொருளானாலும் முதலில் ஒரு நகலில் சோதித்துப் பாருங்கள். பிறமொழிப் பெயர்களுக்கு முன் ஒற்று இடுவதில்லை என்று சில பதிப்பகங்கள் முடிவு செய்திருக்கும் என்பதால், ஒவ்வொரு மாற்றத்தையும் பார்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இனி, முடியாத பகுதி. 'வேலை கொடுத்தான்' என்றால் பணி கொடுத்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் வேல் என்னும் ஆயுதத்தைக் கொடுத்தான். ஐகாரத்தில் முடியும் பெயர்ச்சொல் எது, இரண்டாம் வேற்றுமை உருபு ஏற்ற சொல் எது என்பதை எழுத்து வடிவத்தைக் கொண்டு தேடும் கருவி அறியாது. வாக்கியத்தின் பொருளைப் புரிந்துகொண்ட கண்ணுக்கு மட்டுமே அது தெரியும். தேடலால் தீர்வதைத் தேடலிடம் விட்டுவிட்டு, மிஞ்சும் கவனத்தையெல்லாம் இத்தகைய இடங்களில் செலுத்துவதே கருவிகளைக் கற்பதன் பயன்.

தமிழ் எழுத்துப்பிழை திருத்திகள் எந்த அளவுக்கு உதவும்?

தமிழ்ச் சொற்கள் உருபுகளை ஏற்றுப் பல்கிப் பெருகுவதால், சொற்பட்டியலை மட்டும் கொண்ட திருத்தி சரியான சொற்களின் கீழும் சிவப்புக் கோடு இட்டுக்கொண்டே இருக்கும். சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரித்துப் பார்க்கும் கருவிகள் இதைவிட நன்றாக உதவுகின்றன. எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திக்கு நாவி, இரண்டுக்குமாக மென்தமிழ் என்று தமிழுக்கென்றே உருவான கருவிகளும் உள்ளன.

எனினும் பிழையான சொல்லும் வேறொரு சரியான சொல்லாக அமைந்துவிடும் இடங்களில் இவை பெரும்பாலும் உதவா. அரை – அறை, கரை – கறை, பனி – பணி, மனம் – மணம், தலை – தழை – தளை போன்ற இணைகளுக்கு உங்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கட்டும். வேலை முடிந்ததும் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள்.

நடைக் குறிப்பேடு என்பது என்ன? சிறிய வேலைக்கும் அது தேவையா?

ஒரு பிரதியில் நீங்கள் எடுத்த முடிவுகளைப் பதிந்து வைக்கும் ஏடே நடைக் குறிப்பேடு. நான்கு பக்கக் கட்டுரைக்கும் அது தேவை. நினைவை நம்பியவர்கள் நாற்பதாம் பக்கத்தில் தடுமாறுவது இயல்பு.

தமிழில் இரண்டு வடிவங்களும் வழக்கில் உள்ள சொற்கள் மிகுதி. எழுத்துகள் – எழுத்துக்கள், கருப்பு – கறுப்பு, பிரச்சினை – பிரச்சனை ஆகியவற்றில் எதைக் கொள்வது என்று முடிவு செய்து எழுதி வையுங்கள். 'வந்து விட்டான்' என்று பிரிப்பதா, 'வந்துவிட்டான்' என்று சேர்ப்பதா? 'ஃப' எழுதுவதா, 'ப' போதுமா? ஆண்டுகளை அடுத்து வரும் உருபை '1998இல்' என்று ஒட்டி எழுதுவதா, இடையில் சிறுகோடு இடுவதா? ஆள் பெயர்களின் முதலெழுத்துகளுக்குப் பின் புள்ளியும் இடைவெளியும் உண்டா? இவற்றில் பலவற்றுக்கு ஒரே சரியான விடை இல்லை. பிரதி முழுவதும் ஒரே விடை இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆசிரியரோ பதிப்பகமோ ஒரு வழக்கைப் பின்பற்றினால், உங்கள் விருப்பத்தை ஒதுக்கிவிட்டு அதையே பின்பற்றுங்கள்.

முரண்படும் வடிவங்களைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பிரதியின் ஒரு நகலை எடுத்து, இடைவெளிகள் அனைத்தையும் பத்தி முறிவுகளாக மாற்றுங்கள். வேர்டில் மாற்றும் பெட்டியில் ^ குறியை அடுத்து ஆங்கிலச் சிறிய பி எழுத்தைத் தட்டினால் பத்தி முறிவு கிடைக்கும். ஒவ்வொரு சொல்லும் ஒரு வரியில் வந்தபின் அகர வரிசையில் அடுக்குங்கள். ஒரு சொல்லின் வெவ்வேறு எழுத்துக் கோவைகள் பெரும்பாலும் அடுத்தடுத்தோ அருகருகிலோ வந்து நிற்கும். ஒரே ஆளின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பதும் அகப்படும். நீண்ட நூலுக்கு இந்தப் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு முறை பார்வையிடுவது, பிரதியை இன்னொரு முறை படிப்பதற்கு ஏறத்தாழ ஈடான பலனைத் தருகிறது.

ஆசிரியரிடம் ஐயங்களை எப்படி எழுப்ப வேண்டும்?

'இது தெளிவாக இல்லை' என்ற குறிப்பைக் கொண்டு ஆசிரியரால் எதுவும் செய்ய முடியாது. மனம் மட்டும் நோகும். என்ன சிக்கல், ஏன் அது சிக்கல், எப்படித் தீர்க்கலாம் ஆகிய மூன்றையும் ஒரே குறிப்பில் சொல்லிவிடுங்கள். எடுத்துக்காட்டாக: 'நிறுவனம் 1996இல் தொடங்கப்பட்டதாக இங்கே உள்ளது, இரண்டாம் அத்தியாயத்தில் 1998 என்று உள்ளது. எது சரி என்று தெரிவித்தால் இரண்டு இடங்களையும் ஒன்றாக்கிவிடுகிறேன்.' இதற்கு ஆசிரியர் ஒரே சொல்லில் விடையளித்துவிடலாம்.

நீங்களே சரிபார்க்கக்கூடியதை ஆசிரியரிடம் கேட்க வேண்டாம். ஒரே ஐயம் பல இடங்களில் வந்தால் முதல் இடத்தில் மட்டும் முழுமையாக எழுதி, மற்ற இடங்களுக்கும் அது பொருந்தும் என்று சொல்லிவிடுங்கள். அடிக்கடி எழுத நேரும் குறிப்புகளை வேர்டின் ஆட்டோ கரெக்ட் பட்டியலில் ஒரு சுருக்கத்தோடு சேமித்துவிட்டால், சுருக்கத்தைத் தட்டியவுடன் முழுக் குறிப்பும் வந்துவிடும்.

எந்தக் குறுக்கு விசைகளைக் கட்டாயம் பழக வேண்டும்?

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விண்டோஸில் இயங்கும் வேர்டில், தேடி மாற்ற கண்ட்ரோல்–எச், டிராக் சேஞ்சஸை இயக்கவும் நிறுத்தவும் கண்ட்ரோல்–ஷிஃப்ட்–இ, குறிப்பு எழுத கண்ட்ரோல்–ஆல்ட்–எம், கடைசியாகத் திருத்திய இடத்துக்குத் திரும்ப ஷிஃப்ட்–எஃப்5, முன் செய்த செயலைத் திரும்பச் செய்ய எஃப்4 ஆகியவை போதும். ஷிஃப்ட்–எஃப்5 குறிப்பாகப் பயனுள்ளது. மறுநாள் கோப்பைத் திறந்தவுடன் அதை அழுத்தினால் விட்ட இடத்துக்கே போய்விடலாம்.

மேக்ரோ (பல கட்டளைகளை ஒன்றாக இயக்கும் சிறு நிரல்) எழுதக் கற்றுக்கொள்வது அவசியமா?

ஒவ்வொரு பிரதியிலும் அதே பத்துத் தேடல்களைச் செய்கிறீர்கள் என்றால் அவசியம். வேர்டிலேயே பதிவு செய்யும் வசதி இருப்பதால் நிரல் அறியாதவர்களும் தொடங்கிவிடலாம். தமிழுக்கு ஒரு தடை உண்டு: வேர்டின் மேக்ரோ எழுதும் சாளரம் தமிழ் எழுத்துகளைக் கேள்விக்குறிகளாக்கிவிடும். எழுத்தை நேரடியாகத் தட்டாமல், எண்ணைக் கொடுத்து எழுத்தை வரவழைக்கும் செயற்கூற்றைப் பயன்படுத்த வேண்டும். ககரத்தின் எண் 2965. புள்ளியின் எண் 3021.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் பிரதியைக் கொடுக்கலாமா?

வெளிவராத பிரதி ஆசிரியரின் உடைமை. அவருடைய அனுமதியின்றி வெளியே உள்ள எந்தச் சேவையிலும் அதை ஏற்றக் கூடாது. அனுமதி இருந்தாலும், இக்கருவிகள் சொல்லாமலே சொற்களை மாற்றும்; மேற்கோள்களையும் ஆண்டுகளையும் பிழையாக்கக்கூடும்; ஆசிரியரின் தனி நடையைச் சமன்படுத்திவிடும். அவை தந்த பகுதியை அப்படியே ஒட்டாமல், கம்பேர் வசதியால் மூலத்தோடு ஒப்பிட்டு, காரணம் சொல்ல முடிந்த மாற்றங்களை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கணினியை வாசிக்கச் சொல்லிக் கேட்பதால் பயன் உண்டா?

மிகுந்த பயன் உண்டு. பழகிய பிரதியில் கண் விடுபட்ட சொல்லைத் தானே நிரப்பிக்கொள்ளும். கணினிக் குரல் அப்படிச் செய்யாது. இரட்டித்த சொற்களும், எழுவாய்க்குப் பொருந்தாத வினைமுற்றுகளும், மூச்சு முட்டும் வாக்கியங்களும் காதுக்கு உடனே உறுத்தும். வேர்டில் உள்ள ரீட் அலவுட் வசதிக்குத் தமிழ்க் குரலைக் கணினியில் நிறுவ வேண்டியிருக்கலாம்.

வடிவமைப்புக்குப் பிந்தைய பிடிஎஃப் கோப்பில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், தமிழ் எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்டு ரெடி கம்போசர் தேர்ந்தெடுக்கப்படாவிட்டால் கொம்புகளும் கால்களும் இடம் மாறி நிற்கும். முதலில் அதைப் பாருங்கள். வரியின் தொடக்கத்தில் புள்ளி எழுத்தோ நிறுத்தக்குறியோ வந்திருக்கிறதா, சாய்வெழுத்துகள் நேரெழுத்துகளாகிவிட்டனவா, பொருளடக்கத்தின் பக்க எண்கள் பொருந்துகின்றனவா என்பவை அடுத்தவை. பிடிஎஃப்பில் தமிழ்த் தேடலை நம்ப வேண்டாம். எழுத்துரு பதிக்கப்பட்ட விதத்தைப் பொறுத்து, இருக்கும் சொல்லையும் இல்லை என்று சொல்லிவிடும். திருத்தங்களை அக்ரோபேட் ரீடரின் செருகல், மாற்று, நீக்கல் குறிகளால் உரிய இடத்திலேயே காட்டினால் வடிவமைப்பாளர் தேடி அலைய வேண்டியதில்லை.

வேலை முடித்த கோப்பை அனுப்பும் முன் என்ன சரிபார்க்க வேண்டும்?

நோ மார்க்கப் காட்சியில் கோப்பு தூய்மையாகத் தெரிவதால் மாற்றங்கள் ஏற்கப்பட்டுவிட்டன என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் காட்சி அவற்றை மறைக்கிறதே தவிர நீக்குவதில்லை. எல்லாத் தடங்களையும் காட்டும் ஆல் மார்க்கப் காட்சிக்கு மாறி ஒரு முறை பாருங்கள். உங்களுக்காக எழுதிக்கொண்ட தனிக் குறிப்புகளை நீக்குங்கள். திருத்தும்போது நாமே புதுப் பிழைகளைப் புகுத்துவது இயல்பு என்பதால், மாற்றம் செய்த வாக்கியங்களை மட்டுமாவது நோ மார்க்கப் காட்சியில் மீண்டும் படியுங்கள். ஒரு சொல்லை மாற்றியபோது அதற்கு முன்னுள்ள ஒற்றை மாற்ற மறந்திருப்பது அப்போது தெரியும்.

ஆசிரியர் ஒவ்வொரு மாற்றத்தையும் பார்க்க வேண்டுமானால் தடம் காட்டும் கோப்பு, வெறுமனே படித்துப் பார்க்க எல்லாம் ஏற்கப்பட்ட கோப்பு, நடைக் குறிப்பேடு ஆகிய மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். எந்தக் கோப்பில் விடையளிக்க வேண்டும் என்பதையும் மடலின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.